வாயில்லா ஜீவன் தந்த மருந்து

ஒரு நாளில் பத்து, பதினைந்து தடவை கழிப்பறைக்கு ஓடுபவரிடம் கேட்டுப் பாருங்கள். நாட்பட்ட குடல் அழற்சி நோய் எத்தகையது என்பதைக் கூறுவார். இரத்தம் கலந்த பேதி, வயிற்று வலி, உடல் மெலிவு. உளூச் செய்து தொழ நிற்பதற்குள் உளூ முறிந்துவிடுகிறதே என்று என்னிடம் கண்கலங்கியவர்களும் உண்டு. (அத்தகையோருக்கு மார்க்கம் சலுகை தந்துள்ளது, அது வேறு செய்தி.)

இந்நோய்க்கான மருந்துகளுள் ஒன்று வெடோலிசுமாப். 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்தின் வரலாற்றில் ஒரு சிறு குரங்குக்கும் பங்குண்டு என்பதை வாசகர்களில் எத்தனை பேர் அறிவீர்கள்?

கொலம்பியா நாட்டின் வடமேற்குக் காடுகளே அதன் தாயகம். தாமரின் என்பர். அரைக் கிலோ எடைகூட இராது; தலையில் பஞ்சைச் சூடினாற்போல் வெண்முடி. ஆய்வுக்கூடங்களில் எலிகளுக்குக் குடிநீரில் இரசாயனம் கலந்து கொடுத்துக் குடல் அழற்சியை உண்டாக்குவர். இக்குரங்குக்கோ, கூண்டில் வாழும்போது அந்நோய் தானாகவே வருகிறது. மனிதனுக்கு வருவதைப் பெரிதும் ஒத்திருக்கிறது.

இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களில் ஒரு பகுதி, தம் மேலுள்ள ஒரு புரதத்தைக் கொக்கியாகக் கொண்டு குடற்சுவரைப் பற்றி உள்நுழைகின்றன. அவை மிகுதியாகக் குவிந்தால் அழற்சி மூளும். அக்கொக்கியை மூடும் எதிர்ப்பொருளை நோயுற்ற தாமரின்களுக்குச் செலுத்தியபோது நோய் விரைந்து தணிந்தது. இம்முடிவு வெளியானது 1996இல். அவ்வெதிர்ப்பொருளை மனித உடல் ஏற்கும்படி மாற்றியமைத்ததே வெடோலிசுமாப்.

இதன் மறுபக்கம் மனத்தை உறுத்துகிறது. 1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும் மருத்துவ ஆய்வுகளுக்கென 20,000க்கும் மேற்பட்ட தாமரின்கள் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயின. 1974இல் கொலம்பியா அதனைத் தடை செய்தது. காடுகளும் அழிந்தமையால், இன்று அவ்வினம் அற்றுப்போகும் விளிம்பில் நிற்கிறது.

தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதையும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியிட்ட பெண் தண்டிக்கப்பட்டதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்திருக்கிறார்கள். உயிர் காக்கும் தேவைக்காகச் செய்யும் ஆய்வைக் குற்றமென நான் கூறேன். ஆயின் தேவைக்கு மேல் ஒரு விலங்கு வருந்தினாலும் அதற்குக் கணக்குண்டு என்றே அஞ்சுகிறேன்.

மேலும், எலி மனிதனன்று. இன்டர்லூகின்-10 என்னும் பொருளைச் சுரக்க இயலாத எலிகளுக்குக் குடல் அழற்சி வருவதை 1993இல் கண்டனர். அப்பொருளையே மருந்தாக்கிக் குரோன் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை.

இப்போது நோயாளியின் குடலிலிருந்து எடுத்த துளித் திசுவைக் கலத்தில் வளர்த்தும் மருந்துகளைச் சோதிக்கின்றனர். ஆயினும் அத்திசுவில் இரத்த ஓட்டமில்லை. வெள்ளையணுக்கள் குடலைத் தேடி வரும் பாதையும் இல்லை. எனவே எலிக்கூண்டுகள் இன்னும் காலியாகவில்லை.