வாய்ப் பேச்சில் விட்ட வீடு

கொடிகாமம் சந்தையில் ஆயிரம் தேங்காய் வாங்கினாலும் நாங்கள் துண்டு எழுதுவோம். கடனுக்குக் கொடுத்தால் கொப்பியில் திகதி போட்டு, பெயர் போட்டு, கையெழுத்தும் வாங்குவோம். ஆனால் எத்தனையோ இலட்சம் பெறுமதியான வீட்டை ஒருவரிடம் கொடுக்கும்போது மட்டும், "தெரிந்த மனிதர், நல்லவர்" என்று சொல்லிச் சாவியைக் கையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். அதற்கு நான் கொடுத்த விலையை வாசகர்கள் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

வாப்பா 1983 ஆம் ஆண்டு அத்திவாரம் போட்டுக் கட்டிய கல்வீடு அது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, தென்மராட்சிப் பக்கம் இருந்தவர்கள்தான் முதலில் புறப்பட வேண்டி வந்தது. சாவகச்சேரி முஸ்லிம்கள் அந்த மாத நடுப்பகுதியிலேயே வெளியேறினார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்கு 30 ஆம் திகதி வந்தது. நாங்கள் புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு 2010 இல் திரும்பி வந்து பார்த்தபோது கூரை இல்லை, கதவு இல்லை, சுவர் மட்டும் நின்றது. உறுதியும் எங்கள் கையில் இல்லை. காணிப் பதிவகத்துக்குப் போய், வாப்பாவின் உறுதிக்குப் பிரதி எடுத்துத்தான் அந்தக் காணி எங்களுடையது என்று காட்டினோம். நொத்தாரிசு எழுதிப் பதிவு செய்த ஒரு கடதாசிதான் எங்களைக் காப்பாற்றியது. அந்தப் பாடத்தை நேரில் கண்ட நானே ஏழு வருடத்தில் அதை மறந்துவிட்டேன்.

கடன்பட்டு வீட்டைத் திருத்தி, 2017 தையில் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டேன். எனக்குப் பழக்கமான மனிதர். என்னை "நானா" என்றுதான் கூப்பிடுவார். இரண்டு வருடத்துக்கு என்று ஒரு கடதாசியில் எழுதி, முத்திரை ஒட்டி, பக்கத்துக் கடைக்காரர் இருவரைச் சாட்சிக்கு வைத்து, இருவரும் கையெழுத்துப் போட்டோம். நொத்தாரிசிடம் போகவில்லை. "எதற்கு வீண் செலவு நானா" என்றார் அவர். எனக்கும் அது சரியாகவே பட்டது.

இரண்டு வருடம் முடிந்தது. மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். 2020 மாசியில் நிக்காஹ், மகளும் மருமகனும் அந்த வீட்டில்தான் இருப்பது என்று ஏற்பாடு. 2019 ஒக்டோபரில் அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "பார்ப்போம் நானா" என்றார். நவம்பர் 12 ஆம் திகதி ஒரு கடிதம் எழுதி, டிசம்பர் 12 ஆம் திகதிக்குள் எழும்பும்படி கேட்டேன். அவர் எழும்பவில்லை. வாடகையும் நின்றது. கேட்டால், தண்ணீர்த் தொட்டி கட்டியதற்கும் மோட்டர் போட்டதற்கும் வாடகையில் கழித்துக்கொள்ள நான் சொன்னதாகச் சொன்னார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் என்ன இருந்தது? பற்றுச்சீட்டுப் புத்தகம்கூட இல்லை.

சாவகச்சேரியில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். அவர் என் கடதாசிகளை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இரண்டுமே பிழை. முதலில் இருந்து தொடங்குங்கோ" என்றார்.

முதலாவது பிழை: நொத்தாரிசு இல்லாத குத்தகை

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வீட்டையோ காணியையோ குத்தகைக்கு விடுவதாக இருந்தால், நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்த எழுத்துக்குக் குத்தகை என்ற பெறுமதி இல்லை. நான் எழுதிய "இரண்டு வருடம்" சட்டத்தின் கண்ணில் வெறும் மாத வாடகைதான். முத்திரை ஒட்டினால் சட்டமாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். முத்திரை வேறு, நொத்தாரிசின் அத்தாட்சி வேறு.

குத்தகை முடிந்தும் போகாதவரிடமிருந்து இடத்தை மீட்க 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு சுருக்கமான வழியைத் தந்திருக்கிறது. முறையான எழுத்துக் குத்தகை கையில் உள்ளவருக்குத்தான் அந்த வழி. வாய்ப் பேச்சில் விட்டவர் பழைய நீண்ட வழியில்தான் போக வேண்டும்.

இரண்டாவது பிழை: திகதி

மாத வாடகையை முடிக்க ஒரு முழு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். முழு மாதம் என்றால் முப்பது நாள் என்று நான் நினைத்தேன். அப்படியல்ல. வாடகை மாதம் முதலாம் திகதி தொடங்குகிறது என்றால், அறிவித்தலும் ஒரு முழு வாடகை மாதத்தைக் கடந்து, மாத முடிவில்தான் முடிய வேண்டும். ஜனவரி 31 இல் எழும்ப வேண்டுமானால், டிசம்பர் 31 க்கு முன் கடிதம் அவர் கையில் கிடைக்க வேண்டும். 12 ஆம் திகதியில் இருந்து 12 ஆம் திகதி வரை என்று நான் எழுதிய கடிதம் செல்லாது. அதை வைத்து வழக்குப் போட்டிருந்தால் வழக்கும் போயிருக்கும், செலவும் போயிருக்கும்.

டிசம்பரிலேயே சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் புதிய அறிவித்தல் அனுப்பினேன். அதன் பிறகு வாடகை தந்தால் அதை வாடகை என்று எழுதி வாங்க வேண்டாம், குடியிருந்ததற்கான நட்டஈடு என்று எழுதியே வாங்குங்கள் என்றார் அவர். வாடகை என்று வாங்கினால், நாம் கொடுத்த அறிவித்தலை நாமே கைவிட்டுவிட்டோம் என்று மறுபக்கம் வாதாட இடம் கிடைக்கும்.

எந்த வீட்டுக்கு எந்தச் சட்டம்?

இதுதான் சட்டத்தரணியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குப் பெரிய பாதுகாப்பைக் கொடுக்கிறது. அது எல்லா ஊருக்கும், எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. 1980 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 1980 ஜனவரி 1 ஆம் திகதியோ அதன் பிறகோ கட்டத் தொடங்கி முடித்த குடியிருப்பு வீடுகள் அதற்கு வெளியே நிற்கின்றன. அந்தத் திகதியில் சொந்தக்காரரே குடியிருந்து, பின்னர் வாடகைக்கு விட்ட வீடுகளும் அப்படித்தான். வாப்பா 1983 இல் அத்திவாரம் போட்டதால் நான் தப்பினேன்.

உங்கள் வீடு அந்தச் சட்டத்துக்குள் வருமானால் கதை வேறு. காரணம் இல்லாமல் எழுப்ப முடியாது. வாடகை நிலுவைக்காக எழுப்புவதானால், முதல் தடவை நிலுவைக்கு மூன்று மாத அறிவித்தல், இரண்டாம் தடவைக்கு இரண்டு மாதம், அதன் பிறகு ஒரு மாதம். அறிவித்தல் முடியுமுன் அவர் நிலுவை முழுவதையும் கொண்டுவந்து தந்தால் அந்தக் காரணம் போய்விடும். முற்பணமாக மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கவும் கூடாது. நீங்கள் வாடகையை வாங்க மறுத்தால், அவர் உள்ளூராட்சி மன்றத்தில் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டோடு நிற்பார்.

பூட்டை உடைக்காதீர்கள்

எனக்கும் ஒரு நாள் கோபம் வந்தது. "லைட்டை வெட்டிவிடு, கேற்றைப் பூட்டிவிடு" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அப்படிச் செய்திருந்தால் குற்றவாளி நானாகியிருப்பேன். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய காணிப் பிணக்கை பொலிஸார் ஆரம்ப நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை நீதிமன்றம் திரும்பவும் உள்ளே இருத்தும். சொந்தக்காரர் யார் என்ற கேள்வி அங்கே பிறகுதான் வரும்.

பத்து வருடப் பயம்

இடம்பெயர்ந்த நம்மவர்களுக்கு இன்னொரு பயம் உண்டு. பத்து வருடம் இருந்தால் வீடு அவர்களுக்கே என்பார்கள். வாடகைக்கு வந்தவர், சொந்தக்காரரின் அனுமதியோடு இருப்பவர். அந்த நிலையில் எத்தனை வருடம் இருந்தாலும் ஆட்சியுரிமை வராது. வாடகைக்கு எடுத்தவர் பிறகு "இது உன் வீடல்ல" என்று மறுப்பதற்கும் சாட்சியச் சட்டம் இடம் தராது. ஆனால் அவர் வாடகைக்குத்தான் வந்தார் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். குத்தகை உறுதியும் பற்றுச்சீட்டு அடிக்கட்டையும் அங்கேதான் பேசும். யுத்த காலத்தைப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விட 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் அதன் கீழ் வழக்குப் போட இரண்டு வருட அவகாசமே இருந்தது. கடதாசியோடு நேரத்துக்குப் போனவருக்கே அது பயன்பட்டது.

இனி நான் செய்வது

ஒன்று, ஒரு மாதத்துக்கு மேல் என்றால் நொத்தாரிசிடம் எழுதி, காணிப் பதிவகத்தில் பதிவு செய்வது. இரண்டு, வாடகை, முற்பணம், எத்தனை மாத அறிவித்தல், திருத்த வேலை யார் செலவு, மின்சாரமும் தண்ணீரும் யார் கட்டுவது என்று எல்லாவற்றையும் அதிலேயே எழுதுவது. மூன்று, சாவி கொடுக்கும் அன்று வீட்டில் உள்ள சாமான்களின் பட்டியலில் இருவரும் கையெழுத்திடுவது. நான்கு, மாதாமாதம் அடிக்கட்டையோடு பற்றுச்சீட்டு. ஐந்து, அடையாள அட்டைப் பிரதி வாங்குவதோடு, கிராம சேவகருக்கும் அறிவிப்பது. ஆறு, அறிவித்தல் எப்போதும் எழுத்தில், பதிவுத் தபாலில், சிட்டையையும் பிரதியையும் பத்திரமாக வைப்பது.

யாழ்ப்பாணத்தில் வீடு எடுத்துக் குடியிருக்கும் நம் வியாபாரிகளுக்கும் ஒரு சொல். இங்கே அநேகமான வீடுகள் சீதன வீடுகள். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தைக் கையாளக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்கார அம்மாவின் கையெழுத்தோடு திரும்பிவிடாமல், கணவரின் கையெழுத்தையும் வாங்குங்கள்.

என் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். மாசியில் நிக்காஹ் நடந்தது. மகளும் மருமகனும் வேறொருவர் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து எல்லாம் நின்றது. பிறகு மத்தியஸ்த சபையில் இருவரும் உட்கார்ந்து பேசினோம். தொட்டிக்கும் மோட்டருக்குமாக நான் நிலுவையில் ஒரு பகுதியை விட்டேன். அவர் ஓகஸ்டில் எழும்பினார். அவர் கெட்ட மனிதர் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னதாக அவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம். எழுதி வைக்காததால் அவர் நினைவும் என் நினைவும் சண்டை பிடித்தன. இப்போது சந்தையில் கண்டால் சலாம் இல்லை, சிரிப்பும் இல்லை. எனக்கு வாடகைப் பணம் போனதை விட அதுதான் பெரிய நட்டம்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரத்துல் பகராவின் 282 ஆவது, தொழுகை பற்றியதோ நோன்பு பற்றியதோ அல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதும் சாட்சி வைப்பதும் பற்றியது. ஒருவரிடம் எழுத்துக் கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகாது. நாளைக்கும் அவரோடு முகம் கொடுத்துப் பேச வேண்டும் என்று நினைப்பவர்தான் எழுதிக்கொள்வார்.

நான் வியாபாரி, சட்டத்தரணி அல்ல. உங்கள் வீட்டின் விபரத்தோடு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். சாவியைக் கொடுப்பதற்கு முதல் போங்கள்.