நிறம் தெரியாத கோப்பு

கட்டற்ற மென்பொருள், கைக்கெட்டும் தூரம் – 9

“அண்ணா, ஸ்கிரீன்ல செவப்பா இருந்த லோகோ, மெஷின்ல பச்சையா வருதுங்க.” கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்குப் புதிதாக வருகிறவர்கள் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி இது.

பதில் சின்னது. மெஷினுக்குப் போகும் டிஎஸ்டி கோப்பில் நிறமே கிடையாது. ஊசி எவ்வளவு நகர வேண்டும், எங்கே நின்று நூல் மாற்ற வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். எந்த நிறுத்தத்துக்கு எந்த ஊசி என்பதை ஆபரேட்டர்தான் மெஷினில் கொடுக்க வேண்டும். டிசைனோடு கலர் சார்ட்டையும் அனுப்பிவிட்டால் தீர்ந்தது.

டிசைன் போட இங்க்-ஸ்டிச் இருக்கிறது. 2003-இல் பிறந்த இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுக்குள் நீட்சியாக ஓடுகிறது. இரண்டுக்கும் விலை கிடையாது. காசு கொடுத்து வாங்கும் எம்பிராய்டரி மென்பொருளின் விலை சின்ன ஜாப்வொர்க் யூனிட்டுக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் கிராக் காப்பி புழங்குகிறது. அது மக்கர் செய்தால் கம்பெனிக்குப் போன் போட முடியாது. இங்க்-ஸ்டிச்சுக்கும் கம்பெனி இல்லைதான். எந்த உத்தரவாதமும் இல்லை என்று அதன் ஜிபிஎல் உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் இதில் சந்தேகம் கேட்க யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. பதில் சொல்வது தன்னார்வலர்கள்.

தமிழ்நாட்டில் இப்படித் தன்னார்வலர்கள் உதவுவது புதிதல்ல. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்குகிறது. 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. ஆனாலும், பதில் சொல்ல புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

உதாரணத்துக்கு, பனியன் துணியில் வட்டம் போட்டால் முட்டை வடிவில் வருகிறது என்று ஒருவர் கேட்கிறார். தையல் ஓடும் திசையில் நூல் துணியை இழுத்துச் சுருக்கும். பின்னல் துணி இன்னும் எளிதாக வளைந்து கொடுக்கும். இந்த இழுப்பை ஈடுகட்டும் புல் காம்பென்சேஷனைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், அண்டர்லே என்ற அடித்தையல் போட வேண்டும், அடியில் பேக்கிங் சரியாக இருக்க வேண்டும். எவ்வளவு கூட்டுவது? அது புரோகிராம் எழுதுகிறவரைவிட, சிங்கிள் ஜெர்சி பனியன் துணியில் வருஷக்கணக்காக லோகோ அடித்த பஞ்சிங் மாஸ்டருக்குத்தான், அதாவது டிசைனைத் தையலாக மாற்றுகிறவருக்குத்தான், தெரியும்.

அவர் பழக வேண்டியது ஒன்றுதான்: பதிலுக்கு முன் கேள்வி. எந்தப் பதிப்பு, எந்த மெஷின், என்ன துணி, எத்தனை ஜிஎஸ்எம் (துணியின் எடை)? “வேலை செய்யல” என்று மட்டும் வந்தால் பொறுமையாக இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஆர்டர் கொடுத்த பையரின் லோகோவை மட்டும் கேட்கக் கூடாது. அது வெளியே போனால் ஆர்டரே போய்விடும். அதே கோளாறு வருகிற மாதிரி ஒரு சதுரமோ வட்டமோ போட்டு அனுப்பச் சொன்னால் போதும்.

நாளைக்கு ஷிப்மெண்ட் என்று ராத்திரியில் அவசரப்படுத்துகிறவர்களும் உண்டு. “இப்போ முடியாது தம்பி, காலையில பார்க்கிறேன்” என்று சொல்லத் தன்னார்வலருக்கு முழு உரிமை இருக்கிறது. சொல்லாதவர்கள் சீக்கிரமே ஒதுங்கிப் போகிறார்கள்.

ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வந்தால், குறை கேட்டவரிடம் இல்லை. மென்பொருளிலோ அதன் கையேட்டிலோ இருக்கிறது. அதை உருவாக்கியவர்களிடம் எப்படி முறையிடுவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)