சாங்ஷன் ஆன பணமும் கைக்கு வந்த பணமும்

2024 ஜூன் 9ஆம் தேதி ஒன்றிய அரசு மூன்றாவது முறையாகப் பதவி ஏற்றதுமே, சூழல் ஆர்வலர்கள் ஆளுக்கொரு கோரிக்கைப் பட்டியல் போட ஆரம்பிச்சுட்டாங்க. நானும் ஒரு பட்டியல் எழுதினேன். எழுதி முடிச்சுப் பார்த்தா, 2019இல் இதே அரசு இரண்டாம் முறை வந்தப்போ எழுதின பட்டியலுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதான் யோசிக்க வெச்சது.

2019 ஜூலை பட்ஜெட் உரையிலேயே ஜீரோ பட்ஜெட் விவசாயம் பற்றி நிதியமைச்சர் பேசினார். நம்ம ஆட்கள் அன்னைக்கு இனிப்பு கொடுத்தாங்க. மறு வருஷம் மே மாசம் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய வரைவு அறிவிப்பு வந்தது. அதற்கும் மகிழ்ந்தோம். 2023இல் இறுதி ஆணை வந்தபோது தடையானவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். மீதி எல்லாம் இன்னும் கடை அலமாரியில் இருக்கு. 1968ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குப் பதிலா 2020இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாவும் நிறைவேறவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டினவன் நான். அங்கே முதலில் கற்றது ஒன்று: சாங்ஷன் வேற, டிஸ்பர்ஸ் வேற. கடன் அனுமதிக் கடிதத்தைக் கையில் வெச்சுக்கிட்டுச் சந்தோஷமாப் போனவர், பணம் வராமல் ஆறு மாசம் கழிச்சுத் திரும்பி வந்து நிற்பதைப் பார்த்திருக்கேன். அரசாங்கக் கணக்கிலும் இதே கதைதான். பிப்ரவரியில் போடுவது பட்ஜெட் மதிப்பீடு. அடுத்த பிப்ரவரியில், அந்த வருஷம் எவ்வளவு செலவாகும்னு சரிபார்த்துப் போடுவது திருத்திய மதிப்பீடு. அறிவிப்பை எல்லாரும் படிக்கிறோம். இந்த இரண்டாவது எண்ணை யாரும் படிப்பதில்லை.

தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு 2023–24இல் ஒதுக்கியது 459 கோடி ரூபாய். திருத்திய மதிப்பீட்டில் அது 100 கோடி ஆயிடுச்சு. 2024 ஜூலை 23ஆம் தேதி பட்ஜெட்டில், இரண்டு வருஷத்தில் ஒரு கோடி விவசாயிகளை இயற்கை வேளாண்மைக்குக் கொண்டுவருவோம், 10,000 உயிர் இடுபொருள் மையங்கள் அமைப்போம்னு சொல்லியிருக்காங்க. நல்ல விஷயம். அந்த வருஷ ஒதுக்கீடு சுமார் 366 கோடி. ஒரு கோடி பேருக்கு வகுத்தா தலைக்கு 366 ரூபாய். ஒன்றரை மூட்டை யூரியாகூட வராது. பரம்பராகத் கிருஷி திட்டத்துக்குத் தனியாகப் பணம் உண்டு, மறைக்கலை. ஆனால் ரசாயன உர மானியம் அதே பட்ஜெட்டில் 1,64,000 கோடி. அங்கே 100 ரூபாய் போனால் இந்த இயக்கத்துக்கு வருவது 22 காசு. ஜீரோ பட்ஜெட்டுன்னா பட்ஜெட்டில் ஜீரோன்னு புரிஞ்சுக்கிட்டாங்க போலன்னு எங்க ஊர்ல ஒரு கிண்டல் ஓடுது.

உர மானியம் மூட்டை வழியாகத்தான் வருது என்பதைக் கவனிக்கணும். 45 கிலோ யூரியா மூட்டையை நாம் 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறோம். தயாரிப்பு, இறக்குமதிச் செலவு அதைவிடப் பல மடங்கு. கடையில் ஆதார் காட்டி, மெஷினில் கைரேகை வெச்சதும், மீதித் தொகை அரசிடமிருந்து கம்பெனிக்குப் போகிறது. மூட்டை வாங்காதவனுக்கு அதில் ஒரு பைசா இல்லை. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறவன், அரசுக்கு மிச்சம் பிடித்துக் கொடுப்பதோடு, தன் இடுபொருள் செலவை முழுசாத் தானே ஏற்கிறான். 2023இல் வந்த பி.எம். பிரணாம் திட்டம் இந்த மிச்சத்தை முதல் தடவையா ஒத்துக்கொள்கிறது. ரசாயன உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலத்துக்கு, மிச்சமாகும் மானியத்தில் பாதி. ஆனால் குறைத்தது மாநிலமா? வயலில் நிற்கிறவன்தானே குறைத்தான்? ஏக்கருக்கு இவ்வளவுன்னு அவன் வங்கிக் கணக்குக்கு நேராக வரட்டும் என்பதுதான் என் முதல் எதிர்பார்ப்பு. யார் எவ்வளவு வாங்கினார்கள் என்ற விவரம் அந்த மெஷினிலேயே இருக்கு.

என் பழைய பாவம் ஒன்றையும் சொல்லிடறேன். பயிர்க்கடனுக்கு ஏக்கருக்கு எவ்வளவுன்னு மாவட்டத் தொழில்நுட்பக் குழு வருஷா வருஷம் நிர்ணயிக்கும். அதில் உரத்துக்கு, மருந்துக்குன்னு தனித்தனிப் பங்கு. நான் கிளையில் இருந்தப்போ ஒரு பெரியவர், "நான் உரம் போடறதில்லீங்க சார், எரு மட்டும்தான்" என்றார். "உரக்கடை பில் இல்லாமல் அந்தப் பங்கு தர முடியாதுங்க" என்றேன். மறுநாள் பில் கொண்டுவந்தார். மூட்டை வாங்காமலே கடைக்காரரிடம் வாங்கிய பில். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டேன். இன்று மூன்று ஏக்கரில் கிச்சலிச் சம்பா வெச்சுக்கிட்டு அதே கவுண்ட்டருக்கு வெளியே நிற்கிறேன். எருவுக்கும் பசுந்தாளுக்கும் ஆள் கூலிக்கும் கடன் அளவில் இடம் வேணும் என்பது இரண்டாவது எதிர்பார்ப்பு. இதற்கு டெல்லி போகத் தேவையில்லை. கலெக்டர் ஆபீஸில் மாதாமாதம் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம்.

பட்ஜெட் வந்த அதே ஜூலை 23ஆம் தேதி இன்னொன்றும் நடந்தது. 2022இல் அனுமதி பெற்ற மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பு சொன்னாங்க. ஆனால் மரபணு மாற்றுப் பயிர்களுக்கு ஒரு தேசியக் கொள்கை வகுக்கணும், மாநிலங்களையும் விவசாயிகளையும் கலந்து பேசணும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டாங்க. அந்தக் கலந்தாய்வு ஓர் அறைக்குள் முடிந்துவிடக் கூடாது. 2010இல் பி.டி. கத்தரிக்காய்க்காக அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களைக் கூட்டிக் கேட்டார். கேட்டபிறகு பிப்ரவரி 9ஆம் தேதி நிறுத்திவைத்தார். அதுவும் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அரசுதான். அந்த முறையே இப்போதும் வேணும்.

அக்டோபர் வாக்கில் அமைச்சகங்கள் திருத்திய மதிப்பீட்டு வேலையைத் தொடங்கிடும். அதற்குள் நம்ம கடிதம் போய்ச் சேரணும். நான் எங்க தொகுதி எம்.பி.க்கு ஒரே பக்கத்தில் எழுதினேன். 366 கோடியில் இதுவரை எவ்வளவு செலவாச்சு, பிரணாம் பணத்தில் உழவன் பங்கு எவ்வளவு, கொள்கைக் கலந்தாய்வு எந்த ஊர்களில், எப்போது. இந்த மூன்று கேள்விகளை நாடாளுமன்றத்தில் கேளுங்கன்னு. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை வந்தது. பதில் இன்னும் வரலை. அடுத்த கடிதத்தில் ஊர்க்காரங்க நாற்பது பேர் கையெழுத்துப் போடறதாச் சொல்லியிருக்காங்க.