சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

நம் சித்தூருக்குப் பக்கத்து ஊர் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் இருந்தார். 1954-இல் விபத்து நடந்தது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

அவர் முடங்கிவிட்டாரா? இல்லை. கால்கள் போனாலும் கைகள் இருந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்.

பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து அந்தத் துறைக்குத் தலைவர் ஆனார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது.

மறுவாழ்வு என்றால் என்ன? தானே எழுந்து உட்காருவது, குளிப்பது, உடுத்துவது, தொழில் செய்வது. இவற்றைப் பழக்குவதும் மருத்துவம்தான்.

1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-இல் காலமானார்.

திருப்பதியிலும் தேவஸ்தானத்தின் பிர்ட் மருத்துவமனை இருக்கிறது. உங்கள் தெருவில் நடக்க முடியாதவர் உண்டா? மூலையில் படுக்க வைக்காதீர்கள். அழைத்துச் செல்லுங்கள்.