வேப்ப மரத்துக்கே நோய் வந்தா?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

போன டிசம்பர்ல ஒரு நாள், ஆபீஸ்ல ஸ்டாண்ட்-அப் மீட்டிங் நடந்துட்டிருக்கும்போது அப்பாகிட்ட இருந்து வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்தது. ராசிபுரம் பக்கத்துல இருக்கிற எங்க வீட்டு வாசல் வேப்ப மரம். மேல் பாதி முழுக்க காபிப்பொடி நிறம். யாரோ உச்சியில தீயைக் காட்டிட்டுப் போன மாதிரி இருந்தது. கீழே ஒரே வரி: "மரம் செத்துப்போச்சு கண்ணு. வெட்டற ஆளை வரச் சொல்லிட்டேன்."

அந்த மரம் என்னை விட மூத்தது. எனக்கு அம்மை போட்டப்போ அப்பத்தா அதுல இருந்துதான் வேப்பிலை ஒடிச்சாங்க. அதனால மீட்டிங்கை மியூட்ல போட்டுட்டு அப்பாவுக்கு போன் பண்ணினேன். "ஒரு வாரம் டைம் குடுங்கப்பா, நான் கொஞ்சம் படிச்சுப் பார்த்துட்டு சொல்றேன்." அந்த ஒரு வாரத்துல படிச்சதுதான் இன்னிக்கு எபிசோட்.

முதல்ல ஒண்ணு ஒத்துக்கிறேன். வேப்ப மரத்துக்கு நோய் வரும்னு நான் யோசிச்சதே இல்லை. நம்ம ஊர்ல அது மருந்துக் கடை மாதிரிதானே? வயல்ல பூச்சி வந்தா வேப்பங்கொட்டைக் கரைசல். 5 கிலோ கொட்டைப் பருப்பை இடிச்சு, ராத்திரி ஊற வச்சு வடிகட்டி, 100 லிட்டர் தண்ணியாக்கி, கொஞ்சம் சோப்பு கலந்து அடிப்பாங்க. நெல் குதிருக்குள்ள காய்ஞ்ச இலை போடுவாங்க. நிலைக்கும் கதவுக்கும் வேப்பம்பலகை, ஏன்னா கரையான் அவ்வளவு சீக்கிரம் தொடாது.

இதுக்குப் பின்னாடி இருக்கிற கெமிஸ்ட்ரி செம இன்ட்ரஸ்டிங். 1959-ல சூடான்ல ஒரு பெரிய வெட்டுக்கிளிப் படையெடுப்பு. ஹைன்ரிஷ் ஷ்முட்டரர்னு ஒரு ஜெர்மன் பூச்சியியலாளர் அங்கே ஒரு விஷயத்தைக் கவனிச்சார். சுத்தி இருந்த பச்சையெல்லாம் காலி, வேம்பு மட்டும் அப்படியே நிக்குது. 1968-ல அதுக்குக் காரணமான அசாடிராக்டின் என்ற பொருளைப் பிரிச்சு எடுத்தாங்க. அந்த மூலக்கூறு எவ்வளவு சிக்கலானதுன்னா, அதை ஆய்வகத்துல முழுசா உருவாக்க கேம்பிரிட்ஜ்ல ஸ்டீவன் லேயோட குழுவுக்கு 22 வருஷம் ஆச்சு. 2007-ல தான் முடிச்சாங்க. நம்ம மரம் அதை வருஷா வருஷம் சத்தமில்லாம செஞ்சு கீழே கொட்டிட்டு இருக்கு.

பேட்டன்ட் கதை உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும், வேகமா சொல்லிடறேன். வேப்ப எண்ணெயை வச்சுப் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனியும் 1994-ல ஐரோப்பியக் காப்புரிமை வாங்கினாங்க. வந்தனா சிவா உள்ளிட்டவங்க எதிர்த்துப் போனாங்க. 2000-ல ரத்தாச்சு, 2005-ல மேல்முறையீடும் தோத்துப்போச்சு. பூஞ்சையை அடக்கும்னு எந்த மரத்துக்காக உலக அளவுல சண்டை போட்டோமோ, அந்த மரத்தை இப்போ வாட்டுறதே ஒரு பூஞ்சைதான்!

பேரு போமாப்சிஸ் அசாடிராக்டே. 1990-கள்ல டேராடூன் பக்கத்துல வேம்பு நுனியில இருந்து காயறதைக் கவனிச்சாங்க. 1997-ல இதைத் தனி இனமா விவரிச்சாங்க. அப்புறம் கர்நாடகா, தமிழ்நாடுன்னு தெற்கேயும் பார்த்தாங்க. 2021-ல தெலங்கானாவுல ரோட்டோர வேம்பெல்லாம் கருகி நின்னப்போதான் பெரிய நியூஸ் ஆச்சு.

இது எப்படி வேலை செய்யுதுன்னா, நுனிக் கிளையில ஆரம்பிச்சு உள்நோக்கிக் காய வைக்கும். மழை தொடங்கினதும் தலை தூக்கி, ஐப்பசி, கார்த்திகையில உச்சத்துக்குப் போகும். ஈரமும் குளிரும் அதுக்கு செட் ஆகுது. பல மரங்கள்ல தேயிலைக் கொசுன்னு சொல்ற ஒரு பூச்சியும் கூடச் சேருது. முந்திரித் தோட்டக்காரங்களைக் கேட்டா அதைப் பத்திக் கதை கதையா சொல்வாங்க. அது தளிர்ல சாறு உறிஞ்சும்போது அந்த இடம் கருகிடும், பூஞ்சை நுழையறதுக்கும் வாசல் கிடைக்கும். இலை போறதை விட எனக்கு பயமா இருந்தது வேற விஷயம். பூங்கொத்தும் கருகும், காயும் அழுகும். கடுமையா பாதிச்ச மரத்துல அந்த வருஷம் கிட்டத்தட்ட விதையே இருக்காது. தப்பிச்சு வர்ற விதைக்குள்ளயும் பூஞ்சை ஒளிஞ்சிருக்கலாம். அதை எடுத்து நாத்து விட்டா, பக்கையும் சேர்த்து காப்பி-பேஸ்ட் பண்ற மாதிரிதான்.

விதை இல்லன்னா என்ன பெரிய நஷ்டம்னு கேக்கலாம். எங்க ஊர்ல ஆனி, ஆடியில மரத்தடியைக் கூட்டி வேப்பங்கொட்டை பொறுக்கிக் காயவச்சு மளிகைக் கடையில போடுற அம்மாக்கள் இன்னும் இருக்காங்க. அது அவங்க கைக்காசு. 2015-ல இருந்து உள்நாட்டுல தயாராகற யூரியா முழுக்க வேப்ப எண்ணெய் பூசித்தான் வரணும்னு அரசு விதி, அதனால கொட்டைக்கு மார்க்கெட்டும் இருக்கு. அப்புறம் மைனா, காக்கா, வௌவால் எல்லாம் பழத்தைத் தின்னுட்டு துப்புற விதையிலதான் நம்ம வேலியோரத்துல பாதி வேம்பு முளைச்சிருக்கு.

கோயில் பக்கம் வந்தா சேலம், நாமக்கல்காரங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஆடி வந்தா சேலம் கோட்டை மாரியம்மன், குகை வண்டி வேடிக்கை, எங்க பார்த்தாலும் வேப்பிலைதான். நாமக்கல் லாரிங்க முன்னாடி கூட எலுமிச்சையும் வேப்பிலையும் தொங்கும். கம்பம் நடற நோம்பியில மூணு கவை உள்ள மரத்தை வெட்டி வந்து கோயில் முன்னாடி நட்டு, அம்மனோட புருஷனா நினைச்சு தினமும் தண்ணி ஊத்துவாங்க. சில ஊர்ல அது வேம்பு, சில ஊர்ல பாலை மரம். நோம்பி முடிஞ்சா பிடுங்கிடுவாங்க. எங்க ராசிபுரம் அம்மன் கதை வேற, கம்பம் வருஷம் முழுக்க இருக்கும். அதனாலதான் பேரே நித்ய சுமங்கலி மாரியம்மன். இது கொஞ்சம் ஊர்ப் பெருமைதான், மன்னிச்சுக்கோங்க.

இப்போ ஐரோப்பா பக்கம் ஒரு சின்ன ட்ரிப். அங்கே ஆஷ்னு ஒரு மரம். கோடாலிப் பிடி, அயர்லாந்துக்காரங்க ஹர்லிங் விளையாடற மட்டை எல்லாம் அதுலதான். பழைய நார்ஸ் கதைகள்ல உலகத்தையே தாங்குற மரமும் ஆஷ்தான். 1992-ல போலந்துல அது நுனியில இருந்து காய ஆரம்பிச்சது, 2012-ல பிரிட்டன்ல கண்டுபிடிச்சாங்க. அதுவும் பூஞ்சைதான், ஆனா கிழக்காசியாவுல இருந்து வந்த வேற பூஞ்சை. அங்கே 80% மரங்கள் வரைக்கும் போகலாம்னு ஒரு கணிப்பு. அங்கே பயந்து எல்லாத்தையும் வெட்டிடாதீங்கன்னு ஒரு அறிவுரை உண்டு. ஏன்னா, நோயைத் தாங்குற சில மரங்கள் அந்தக் கூட்டத்துக்குள்ளதான் இருக்கு. வெட்டிட்டா எது தாங்குதுன்னு யாருக்குமே தெரியாது.

வேம்பு விஷயத்துல நிலைமை அவ்வளவு மோசமில்லை. கருகின மரங்கள்ல நிறைய மாசி, பங்குனியில திரும்பத் தளிர்க்குது. இந்த ஒரு வரியைப் படிச்சதும்தான் அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"அப்பா, நடுக்கிளையில நகத்தால லேசா சுரண்டிப் பாருங்க."

"பச்சையா இருக்குதுடா."

"அப்ப உசுரு இருக்கு."

வெட்ட வந்த அண்ணன் நம்பலை. "ஏனுங்க்ணா, தம்பி பெங்களூர்ல உக்காந்துட்டு மரத்துக்கு வைத்தியம் பாக்குதுங்களா?" ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. நியாயமான கேள்விதான்.

கடைசியா செஞ்சது இவ்வளவுதான். காய்ஞ்ச கிளைகளை மட்டும், பச்சை தெரியற இடம் வரைக்கும் கவாத்து பண்ணி, அந்தக் குச்சியை மரத்தடியிலேயே போடாம எரிச்சாங்க. கார்பன்டசிம் மாதிரி பூஞ்சைக்கொல்லி நாத்துக்கும் சின்னக் கன்னுக்கும் சரி. வாசல்ல நிக்கற பெரிய மரத்துக்கு அடிச்சா பாதி மருந்து கிணத்துலயும் பக்கத்து வீட்டுத் துணியிலயும் போய் விழும், அதனால வேண்டாம்னுட்டோம். அப்புறம் இன்னொண்ணு, இது எங்க வீட்டுத் தப்பு. கார் நிறுத்தறதுக்காக நாலு வருஷம் முன்னாடி அடிமரத்தை ஒட்டி சிமென்ட் போட்டிருந்தோம். ஐடியா என்னோடது. நோயை அது கொண்டு வரலை, ஆனா வேருக்குத் தண்ணி, காத்து இல்லாம மரம் ஏற்கெனவே சோர்ந்திருக்கும். பொங்கலுக்குப் போனப்போ கடப்பாரை எடுத்து மூணடிக்கு உடைச்சேன். கை ரெண்டு நாள் வலிச்சது.

ஒண்ணு மட்டும் குழப்பிக்காதீங்க. தை, மாசியில வேம்பு இலை உதிர்க்கறது இயல்பு, அது நோய் இல்லை. மழை முடியற நேரத்துல, இலை கொட்டாம காம்போட கருகி நின்னாத்தான் சந்தேகப்படணும். நகத்தால சுரண்டினா பல கிளைகள்லயும் உள்ளே பழுப்பா இருக்கு, அடிமரம் பொந்தாகி ரோட்டுப் பக்கம் சாயுதுன்னா அது வேற கதை, ஆள் மேல விழறதுக்கு முன்னாடி எடுத்துடணும்.

மாசி கடைசியில அப்பா அடுத்த போட்டோ அனுப்பினார். செம்பு நிறத்துல தளிர். தெற்குப் பக்கத்துக் கிளை மட்டும் வரலை, அது போயிடுச்சு. சித்திரை ஒண்ணுக்கு அம்மா வேப்பம்பூ பறிச்சாங்க. வழக்கமா ஒரு முறம் நிறைய கிடைக்கும், இந்தத் தடவை ஒரு கைப்பிடிதான். பச்சடிக்குப் போதுமா இருந்தது.

உங்க தெருவுல மழைக்கு அப்புறம் கருகி, திரும்பத் தளிர்த்த வேம்பு இருந்தா, எந்த மாசம் கருகுச்சு, எந்த மாசம் தளிர்த்ததுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.