கிளட்ச் தட்டை மாற்றுமுன் எண்ணெயைப் பாருங்கள்

காலை நிகழ்ச்சியில் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், மேனுவல் கார் ஓட்டும் நேயர்களின் இடது காலை நினைத்துக்கொள்வேன். பாவம், கிளட்சை மிதித்து மிதித்தே ஓய்ந்துபோகும்!

இப்போது பல கார்களில் கிளட்சை இயக்குவது கம்பியல்ல, எண்ணெய். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் எண்ணெயைக் குழாய்வழியே தள்ளும். மறுமுனையிலுள்ள ஸ்லேவ் சிலிண்டர் கிளட்ச் தட்டை விடுவிக்கும்.

இங்கே ஒரு வித்தியாசம் தெரிந்தால் பணம் மிச்சம். எஞ்சின் உறுமியும் கார் வேகமெடுக்கவில்லையா? தட்டு தேய்ந்திருக்கலாம். பெடல் மெத்தென்று இறங்கி, கியர் விழ மறுக்கிறதா? எண்ணெய்க் கசிவோ, குழாயில் புகுந்த காற்றோ காரணமாக இருக்கலாம். ஸ்லேவ் சிலிண்டர் வெளியே உள்ள கார்களில், இதற்காகக் கியர்பெட்டியை இறக்க வேண்டியதில்லை.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் நாட்டுப் புழுக்கத்தைக் கேட்கவா வேண்டும்? புதிய டாட் 4 எண்ணெய் 230 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 155 பாகையிலேயே கொதிக்கலாம். ஈரம் உள்ளே துருவையும் வரவழைக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. தவறியும் எஞ்சின் எண்ணெயை ஊற்றாதீர்கள். ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

மாதம் ஒருமுறை போனட்டைத் திறந்து எண்ணெய் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால், ஊற்றி நிரப்பியதோடு விட்டுவிடாமல், பட்டறையில் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய்க் கலம்தான். பின்னிருக்கையில் பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா?