நூறில் ஒரு பங்கு திருச்சுழி

திருச்சுழி ரயில் நிலையத்தை ஒரு மேசையின் மேல் கொண்டுவந்து வைக்க முடியுமா? நிலையக் கட்டடம், நடைமேடை, ஜல்லி பரப்பிய இருப்புப் பாதை, பாதையோரத்துச் சீமைக் கருவேலம், தூரத்தில் ஒரு கண்மாய்க் கரை, கரையின் மேல் வரிசையாகப் பனைமரங்கள். இத்தனையும் ஒரு பிளைவுட் பலகையின் மேல் அமைந்து, நடுவே ரயிலும் ஓட வேண்டும்!

முடியும். மாதிரி ரயில் அமைப்பது பல நாடுகளில் சிறுவர் முதல் முதியோர் வரை ஈடுபடும் பொழுதுபோக்கு. இதைப் பொம்மை விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு பொருளைச் சிறிதாக்கும்போது அதன் நீளமும் எடையும் காலமும் ஒரே விகிதத்தில் சிறுத்துவிடுவதில்லை. எது எவ்வளவு சிறுக்கிறது என்று தெரியாமல் கட்டினால் ரயில் முதல் வளைவிலேயே கவிழ்ந்துவிடும். தெரிந்து கட்டினால், உங்கள் இயற்பியல் புத்தகத்தின் பாதி மேசையின் மேல் ஓடும்.

எந்த ஆண்டுத் திருச்சுழி?

முதலில் ஒரு முடிவு செய்யுங்கள்: நீங்கள் அமைக்கப்போவது எந்த ஆண்டின் திருச்சுழியை? விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை செல்லும் இந்தப் பாதை 1960-களில் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. 2013-இல் அகலப் பாதையாக மாற்றப்பட்டு மறுபடி வண்டிகள் ஓடத் தொடங்கின. இரண்டுக்கும் தண்டவாள இடைவெளி வேறு, எஞ்சின் வேறு, பெட்டிகளும் வேறு. மீட்டர் பாதைக் காலத்தை அமைத்து, அதில் இன்றைய அகலப் பாதைப் பெட்டியை ஓட்டினால் அது வரலாற்றுப் பிழை.

ஆண்டு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரோடு தொடர்புடைய ஓர் உதாரணம் உண்டு. 1879-இல் திருச்சுழியில் பிறந்தவர் பின்னாளில் ரமண மகரிஷி எனப் பெயர் பெற்றவர். 1896-இல், பள்ளி மாணவராக இருந்தபோது, மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். அவர் பார்த்த நிலப்படப் புத்தகம் பழையது. திருவண்ணாமலைக்குப் புதிதாகப் போடப்பட்டிருந்த ரயில் பாதை அதில் இல்லை. ஆகவே திண்டிவனத்துக்குப் பயணச்சீட்டு வாங்கினார்! விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும் என்பதை உடன் வந்த பயணி ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். நிலப்படமும் ஒரு மாதிரியே. அது எந்த ஆண்டுக்கு உரியது என்பது முக்கியம்.

நூறால் வகுக்கலாம்

உலகில் மிகுதியாகப் புழங்கும் மாதிரி ரயிலின் பெயர் 'எச்.ஓ.' அதன் அளவு விகிதம் 1:87. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1435 மி.மீ. பாதையை 87-ஆல் வகுத்துக் கிடைத்தது. நம் அகலப் பாதை 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். கடையில் கிடைக்கும் தண்டவாளம் அதற்குப் பொருந்தாது.

நூறால் வகுத்துப் பாருங்கள். 16.76 மி.மீ.! எச்.ஓ. தண்டவாளத்துக்கும் இதற்கும் கால் மில்லிமீட்டர்தான் வேறுபாடு. ஆகவே இந்திய அகலப் பாதைக்கு 1:100 மிகவும் வசதியான விகிதம். கணக்கும் எளிது: ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை பல்லாண்டுகள் தயாரித்த நீலப்பெட்டியின் நீளம் ஏறக்குறைய 21.3 மீட்டர், அகலம் 3.25 மீட்டர். உங்கள் அட்டைப்பெட்டி 21.3 செ.மீ. நீளம், 3.25 செ.மீ. அகலம். உயர்ந்த நடைமேடை தண்டவாளத்துக்கு மேல் 76 முதல் 84 செ.மீ. உயரம் இருக்கும். உங்கள் நடைமேடைக்கு 8 மி.மீ. போதும்.

மீட்டர் பாதைக்கு இந்த விகிதத்தில் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். கடையில் கிடைப்பவை 9 மி.மீ., 12 மி.மீ. தண்டவாளங்கள். எனவே ரயில் ஓடுவதற்கு அகலப் பாதையை அமையுங்கள். பழைய மீட்டர் பாதைத் திருச்சுழியை, கம்பியால் 10 மி.மீ. பாதை போட்டு, ஓடாத காட்சியாகத் தனிப்பலகையில் செய்து வைக்கலாம்.

இடம் போதாது!

விருதுநகரிலிருந்து மானாமதுரை வரை சுமார் 66 கி.மீ. நூறில் ஒரு பங்கு என்றால் 660 மீட்டர். எந்த வீட்டில் இடம் இருக்கிறது? 700 மீட்டர் நீளமுள்ள ஒரு நிலைய வளாகமே 7 மீட்டர் ஆகிவிடும். ஆகவே எதை விடுவது, எதை வைப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எட்டடிக்கு நாலடிப் பிளைவுட் பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது 2.4 மீட்டருக்கு 1.2 மீட்டர். அதில் நீள்வட்டமாகப் பாதை போடலாம். முன்பக்கம் திருச்சுழி நிலையம். பின்பக்கத்துப் பாதையை வானமும் வயலும் வரைந்த அட்டையால் மறைத்துவிடுங்கள். அட்டைக்குப் பின்னால் போகும் வண்டி அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டதாகக் கொள்வோம்.

வளைவின் ஆரம் 45 செ.மீ. என்று வைப்போம். உண்மைப் பாதையில் இது 45 மீட்டர். ஆனால் நம் அகலப் பாதையில் 175 மீட்டருக்குக் குறைந்த ஆரத்துக்கு இடமில்லை! இதனால் என்ன கெடுதல்? கணக்கிட்டுப் பார்ப்போம். ஐ.சி.எஃப். பெட்டியின் இரு சக்கரத் தொகுதிகளின் மையங்களுக்கு இடையே 14.8 மீட்டர். மாதிரியில் 14.8 செ.மீ. வளைவில் பெட்டி ஒரு வட்டத்தின் நாண் போல நிற்கும். அதன் நடுப்பகுதி பாதையின் மையத்திலிருந்து உட்புறமாக விலகும் தூரம், நாணின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும்.

14.8 × 14.8 ÷ (8 × 45) = 0.61 செ.மீ.

அதாவது 6 மி.மீ. ஆனால் பெட்டிக்கும் நடைமேடை விளிம்புக்கும் இடையே மாதிரியில் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். வளைவின் உட்புறத்தில் நடைமேடை கட்டினால் பெட்டி அதில் முட்டிவிடும். நடைமேடையை நேர்பாதையில் கட்டுங்கள். இந்தப் பலகையில் சுமார் 1.2 மீட்டர் நேர்பாதை கிடைக்கும். ஓர் எஞ்சினும் மூன்று பெட்டிகளும் தாராளமாக நிற்கும்.

எடையும் காலமும்

நீளம் நூறில் ஒரு பங்கானால் பரப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கனஅளவு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சுமார் 40 டன் எடையுள்ள பெட்டி மாதிரியில் 40 கிராம்தான் இருக்க வேண்டும். ஆனால் 40 கிராம் பெட்டி பாதையில் நில்லாது. தண்டவாள இணைப்பில் ஒரு சிறு மேடு இருந்தாலும் துள்ளி இறங்கிவிடும். 1935-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம், எச்.ஓ. பெட்டிக்கு ஓர் அவுன்சும், நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்சும் எடை வேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. நம் பெட்டி சுமார் 8.4 அங்குலம். எனவே 5.2 அவுன்ஸ், ஏறக்குறைய 147 கிராம். விகிதப்படி வர வேண்டிய எடையைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல்! பழைய இரும்பு நட்டுகளைப் பெட்டியின் தரையில் ஒட்டி எடையைக் கூட்டுங்கள். கூரையில் வேண்டாம், ஈர்ப்பு மையம் கீழே இருந்தால்தான் பெட்டி கவிழாது.

வேகத்தை நூறால் வகுக்கலாம். மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீட்டர், மாதிரியில் நொடிக்கு 16.7 செ.மீ. 2.4 மீட்டர் பலகையைக் கடக்க 14 நொடி ஆக வேண்டும். ஆனால் புவியீர்ப்பை நம்மால் சிறிதாக்க முடியாது. 20 மீட்டர் உயரப் பனையிலிருந்து ஒரு நுங்கு விழ 2 நொடி ஆகும். 20 செ.மீ. மாதிரிப் பனையிலிருந்து விழும் மணி 0.2 நொடியில் தரையைத் தொடும். நீளம் 100 மடங்கு குறைந்தால் விழும் காலம் அதன் வர்க்கமூலமான 10 மடங்கு குறைகிறது. மாதிரிப் பெட்டிகள் படபடவென்று குலுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மாதிரி வண்டி கவிழ்வதைப் படம்பிடித்து 10 மடங்கு மெதுவாகக் காட்டினால் உண்மை வண்டி கவிழ்வது போலவே தோன்றும்.

மின்சாரமும் ஒரு பந்தும்

எச்.ஓ. எஞ்சின்கள் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுபவை. ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. ஆகவே இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு மின்சாரத்தைக் கடத்தக்கூடாது. கடத்தினால் குறுக்குச்சுற்று ஏற்படும். மின்முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். தண்டவாள இணைப்புகளில் மின்தடை கூடுவதால் மூலத்திலிருந்து தள்ளிப் போகப் போக வண்டி தளரும். மீட்டருக்கு ஓரிடத்தில் தனிக்கம்பி கொடுத்தால் இந்தக் குறை தீரும். ஓர் எச்சரிக்கை: வீட்டு 230 வோல்ட் மின்சாரம் எந்தக் காரணத்தாலும் தண்டவாளத்தை அணுகக்கூடாது. மின்கலம் அல்லது தரமான 12 வோல்ட் அடாப்டர் மட்டுமே பயன்படுத்துங்கள்.

இனி இதன் மிக முக்கியமான பாடம். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்துவிடாமல் தடுப்பது எப்படி? நம் ஒற்றைப் பாதைகள் பலவற்றில் நெடுங்காலம் 'நீல்ஸ் பந்து டோக்கன்' கருவி இருந்தது. பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் இரண்டிலும் உள்ள கருவிகள் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு கருவியிலிருந்து ஓர் உலோகப் பந்தை எடுத்துவிட்டால், அது மறுபடி உள்ளே போகும்வரை இரண்டு கருவிகளும் வேறு பந்தைத் தரமாட்டா. பந்து கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை எடுக்கக்கூடாது. வளையத்தில் கட்டிய பையில் பந்தை வைத்து ஓடும் எஞ்சினுக்கு நீட்டியதை உங்கள் தாத்தாக்கள் பார்த்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான உயிர்கள் அந்த ஒரு பந்தை நம்பிப் பயணம் செய்தன.

இதை நீங்களும் செய்யலாம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட வளைவில் ஒரு தண்டவாளத்தை இருபுறமும் வெட்டி இடைவெளி விடுங்கள். அந்தத் துண்டுக்கு இரு நண்பர்களின் தனித்தனி மின்மூலங்களிலிருந்தும் மின்சாரம் வரட்டும். ஆனால் ஒவ்வொரு கம்பியிலும் ஒரு சாக்கெட் இருக்கட்டும். சாக்கெட் இரண்டு, அதை இணைக்கும் பிளக் ஒன்றே ஒன்று! பிளக் யார் கையில் உள்ளதோ அவர் மட்டுமே வண்டியை உள்ளே விட முடியும். வண்டி வந்து சேர்ந்ததும் பிளக்கை மற்றவரிடம் கொடுக்க வேண்டும். மறதியும் அவசரமும் உள்ள மனிதர்களை நம்பாமல், தவறு செய்யவே வழியில்லாதபடி கருவியை அமைப்பதுதான் ரயில் பாதுகாப்பின் அடிப்படை.

நம் மண், நம் மரம்

காட்சிப் பொருள்களுக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. உண்மைப் பாதையில் 20 முதல் 65 மி.மீ. வரையுள்ள ஜல்லி போடுகிறார்கள். மாதிரிக்கு 0.2 முதல் 0.65 மி.மீ. ஆற்று மணலை டீ வடிகட்டியில் சலித்தால் ஏறக்குறைய அந்த அளவு கிடைக்கும். நீர் கலந்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதை ஒட்டுங்கள். பனைக்கு 15 முதல் 20 செ.மீ. மூங்கில் குச்சி, விசிறியாக வெட்டிய பச்சைத்தாள். சீமைக் கருவேலத்துக்குச் சாயம் தோய்த்த பீர்க்கங்கூட்டின் நார், 5 செ.மீ. உயரம் போதும்.

கண்மாய்க்கு உண்மைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீரின் பரப்பு இழுவிசை நம் விகிதத்துக்குக் கட்டுப்படாது. மாதிரியில் ஒரு சொட்டு, கால் மீட்டர் அகலப் பந்து போலத் தெரியும். அதற்குப் பதில் கோடைக் கண்மாயை அமையுங்கள். கரிசல் மண்ணை நன்றாகக் கரைத்து, அடியில் தங்கும் மணலை நீக்கி, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசிக் காயவிடுங்கள். சில மில்லிமீட்டருக்கு ஒன்றாக வெடிப்புகள் விழும். வெடிப்புகளின் இடைவெளி, காயும் படலத்தின் கனத்தைப் பொறுத்தது. கனம் குறைந்தால் இடைவெளியும் குறையும். எடையும் காலமும் நமக்கு அடங்காவிட்டாலும் கரிசல் வெடிப்பு அடங்குகிறது!

உலகில் சில மாதிரிகள்

புனேயில் பாவ் ஜோஷி என்பவர் தம் பொழுதுபோக்கை வளர்த்து அமைத்த சிற்றுருவ ரயில் காட்சியகம் 1998-இல் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-இல் தொடங்கிய 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' உலகப் புகழ் பெற்றது. அதைத் தொடங்கிய பிரௌன் சகோதரர்கள் இரட்டையர். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிலையத்து மாணவர்கள் 1946-இல் ஒரு மாதிரி ரயில் கழகம் தொடங்கினர். தொலைபேசி நிலையக் கருவிகளைக் கொண்டு வண்டிகளைக் கட்டுப்படுத்திப் பழகிய அந்த மாணவர்களில் பலர் பின்னர் கணிப்பொறியின் பக்கம் திரும்பினர். 1962-இல் 'ஸ்பேஸ்வார்' என்னும் கணிப்பொறி விளையாட்டை உருவாக்கியவர்களில் அக்கழகத்தாரும் இருந்தனர்.

எப்படித் தொடங்குவது?

அளவெடுப்பதில் தொடங்குங்கள். தண்டவாளத்தில் இறங்கவே கூடாது. அது உயிருக்கு ஆபத்து. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும். நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு, நிலைய அதிபரிடம் சொல்லிவிட்டு, நடைமேடையிலேயே நின்று அளக்க ஒரு வழி உண்டு. ஒரு கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர் கட்டைகள் போட்ட பாதையில் இரு கட்டைகளுக்கு இடையே சுமார் 60 செ.மீ. இருக்கும். கட்டைகளை எண்ணினால் போதும்: 100 கட்டை என்றால் 60 மீட்டர்.

பிறகு ஊர்ப் பெரியவர்களிடம் போங்கள். மீட்டர் பாதை இருந்தபோது கைகாட்டி மரம் எங்கே நின்றது, தண்ணீர்க் குழாய் எங்கே, எந்த மரத்தடியில் மாட்டுவண்டிகள் காத்திருந்தன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய தண்டவாளம் போய்விட்டது. அதைப் பார்த்தவர்களின் நினைவில் மட்டுமே அந்த நிலையம் இன்னும் நிற்கிறது. நாள் ஆக ஆக அதுவும் மறையும். நீங்கள் எழுதும் குறிப்பும் கட்டும் மாதிரியும் அந்தத் திருச்சுழிக்கு ஓர் ஆவணம்.

எஞ்சின் வாங்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஓர் அட்டை, ஓர் அளவுகோல், கத்தரிக்கோல், பசை இவை இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே 21.3 செ.மீ. நீளப் பெட்டி ஒன்றைச் செய்துவிடலாம். அதைத் தராசில் வைத்து எடை பாருங்கள். 147 கிராமுக்கு இன்னும் எத்தனை நட்டு வேண்டும் என்று கணக்கிடுங்கள்.